பேரிங்குக்குக் காசு தர்றோம், பொறுமைக்குத் தர்றோமா?



இந்த முறை கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும் சமாச்சாரம். பழைய பைக்கின் சக்கர பேரிங், ஸ்ப்ராக்கெட் பேரிங். "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையாடா?" என்று வகுப்பு நண்பர்கள் கிண்டலை ஆரம்பிப்பது இங்கேயே கேட்கிறது. பொறுங்கள். உங்களில் பாதிப் பேர் காலேஜுக்கு வருவதே அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டித் தள்ளிய வண்டியில்தான். எண்ணெய் மாற்றியிருப்பீர்கள், பிளக் மாற்றியிருப்பீர்கள், ஸ்டிக்கர்கூட மாற்றியிருப்பீர்கள். அந்தச் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பேரிங் மாற்றும்போது நாம் பேரிங்கின் விலையைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியது அதை மாட்டும் கையின் பொறுமையைப் பற்றி. அந்தப் பொறுமைக்குக் காசு கேட்டால் மட்டும் பேரம் பேசுகிறோம். அப்புறம் "மாத்தி ஆறு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள போச்சு" என்று மெக்கானிக்கைத் திட்டுகிறோம்.

சாமி வழித்துணைக்கு வருவார், சரி...

நம்ம விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரரைத் தெரியாதவர்களுக்காக: வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, பாலாற்றங்கரையில் இருக்கிறது கோயில். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று ஊரே சொல்லும். சாமிக்கு இன்னொரு பெயர் வழித்துணைநாதர். மிளகு மூட்டையோடு போன வணிகர் ஒருவருக்குக் கள்வர் பயம் இல்லாமல் வழித்துணையாகப் போனார் என்பது தலபுராணக் கதை.

இந்தக் காலத்தில் நம் வழியில் கள்வர்கள் குறைவு. லாரிகள் அதிகம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து, பின்னால் ஒருவரையோ இருவரையோ ஏற்றிக்கொண்டு, பத்துப் பதினைந்து வருடப் பழைய வண்டியில் வீடு திரும்பும் ஷூ கம்பெனி ஆட்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் கன்டெய்னர் லாரி. கீழே ஆட்டம் காணும் பின் சக்கரம். வழித்துணைநாதர் கூட வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரிங்கை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் :-)

உள்ளே என்னதான் இருக்கு?

பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் அலுமினியக் குடத்தை ஹப் என்கிறோம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேரிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதாவது ஸ்பேசர். பல வண்டிகளில் செயின் ஸ்ப்ராக்கெட் தனியாக ஒரு கேரியரில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கேரியருக்கும் ஹப்புக்கும் நடுவில் கப்ளிங் ரப்பர். கேரியருக்குள் மூன்றாவதாக ஒரு பேரிங், அதை மூடி ஒரு ஆயில் சீல். சில சின்ன வண்டிகளில் இந்த மூன்றாவது பேரிங் இருக்காது. ஆக்சிலை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேரிங் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. உள் வளையம், வெளி வளையம், நடுவில் உருண்டைகள். வண்டி அச்சில் உருண்டைகளை வைக்கும் யோசனைக்கு 1794-லேயே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் காப்புரிமை வாங்கிவிட்டார். 1907-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஒரு துணி மில்லில் வேலை பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற பொறியாளர், மில்லின் நீளமான ஷாப்டுகள் கோணிக்கொண்டு பேரிங்குகளைத் தின்று தீர்ப்பதைப் பார்த்து வெறுத்துப்போய், புதுவிதமான ஒரு பேரிங்கை உருவாக்கினார். அப்படிப் பிறந்ததுதான் எஸ்.கே.எஃப். கம்பெனி. பேரிங்கைக் கொல்வது சுழற்சி அல்ல, கோணல்தான் என்று நூறு வருடத்துக்கு முன்பே ஒரு மில் ஆள் கண்டுபிடித்துவிட்டார். நம் தெருமுனைப் பட்டறையில் அது இன்னும் உறைக்கவில்லை.

இன்னொரு விஷயம். பேரிங் மேல் 6203, 6301, 6302 என்று ஒரு எண் இருக்கும். இது ஏதோ கம்பெனி ரகசியம் இல்லை, உலகம் முழுக்க ஒரே கணக்கு. 6203 என்றால் உள் துளை 17 மி.மீ., வெளி விட்டம் 40, அகலம் 12. 6301 என்றால் 12, 37, 12. 6302 என்றால் 15, 42, 13. இதே எண் கொண்ட பேரிங் உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்குள்ளும் இருக்கலாம். பின்னால் ZZ என்று இருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி, 2RS என்று இருந்தால் ரப்பர் சீல். ஆக, வண்டிக் கம்பெனி மூடிப்போனாலும், மாடல் நின்றுபோனாலும் பேரிங் மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்தின் முக்கால்வாசி இதில்தான் நிற்கிறது.

நம்ம ஊர்ப் பக்கம் பேரிங் ஏன் சீக்கிரம் சாகுது?

ஒன்று, தூசும் மணலும். பாலாற்றங்கரை ஊர்களில் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, உப்பு. தோல் ஷாப்புக்குப் போகும் பச்சைத் தோலுக்கு அழுகாமல் இருக்க உப்புப் போடுவார்கள். அந்த மூட்டையைப் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறவர்களை நம் பக்கம் பார்க்கலாம். வடியும் உப்புத்தண்ணீர் நேராகப் பின் ஹப்பில்தான் இறங்கும். இரும்புக்கு உப்பு என்ன செய்யும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம்.

மூன்று, தண்ணீர். பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வம் என்று இருந்த நமக்கு 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. ஹப் மூழ்கும் அளவுத் தண்ணீரில் வண்டியை உருட்டினால், சேறு பேரிங்குக்குள் போகிறது, கிரீஸ் வெளியே வருகிறது. தண்ணீர் வடிந்ததும் வண்டி ஓடும். ஓடுகிறதே என்று விட்டுவிடுவோம். துரு மட்டும் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நான்கு, நாமே காசு கொடுத்துச் செய்து கொள்ளும் கெடுதல். அதற்குப் பெயர் வாட்டர் சர்வீஸ் :-) அந்தப் பிரஷர் பம்பை ஆக்சில் பக்கத்தில் பிடித்து அடித்தால் எந்த ஆயில் சீலும் தாங்காது. மண்ணைக் கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹப்பின் நடுவில் மட்டும் அடிக்க விடாதீர்கள்.

போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது பொதுக் கருத்து. ரொம்பத் தப்பான கருத்து. பழைய வண்டியில் ஏற்கெனவே பத்துச் சத்தம் இருக்கும், அதில் பதினொன்றாவதை யார் கவனிப்பார்கள்?

இரண்டு நிமிட வேலை இது. டபுள் ஸ்டாண்டு போடுங்கள். பின் டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். "டக் டக்" என்று கையில் தட்டினால் ஆட்டம் இருக்கிறது. அப்போது ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடுகிறதா என்று கவனியுங்கள். சேர்ந்து ஆடினால் கோளாறு ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங்கில். பிறகு ஸ்ப்ராக்கெட்டைத் தனியாகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். அது மட்டும் சாய்ந்தால் கேரியர் பேரிங் அவுட்.

கேரியர் பேரிங்கைத்தான் ரொம்பப் பேர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் இழுக்கும் இழுப்பு முழுக்க செயின் வழியாக ஒரே பக்கமாக அதன் மேல்தான் விழுகிறது. அது ஆடினால் ஸ்ப்ராக்கெட் சாயும், செயின் கோணலாக ஓடும், பல் ஒரு பக்கமாகத் தேயும். செயின் கிட் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி சத்தம் என்று புலம்பும் நண்பர்களே, கேரியர் பேரிங்கைப் பார்த்தீர்களா? ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போட்ட கிட்டை, ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணி விலைக்குக் கிடைக்கும் பேரிங் தின்றுகொண்டிருக்கிறது.

டிரம் பிரேக் வண்டி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சக்கரம் ஆடினால் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி நிலையாக இருக்காது. ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் வழுக்கும். நாம் பிரேக் ஷூ மட்டமான சரக்கு என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

பட்டறையில் என்ன நடக்குது?

நான் பல தடவை நின்று பார்த்தது இது. எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் எல்லாக் கடையும் இதேதான்.

சக்கரத்தைக் கழற்றித் தரையில் போடுவார்கள். நீளமான கம்பியை உள்ளே விட்டுச் சுத்தியலால் நாலு அடி. பழைய பேரிங் தெறித்து விழும். அதுவரை சரி, சாகப்போகிற பேரிங்குக்கு என்ன மரியாதை! அடுத்ததுதான் பிரச்சினை. புது பேரிங்கை ஹப் மேல் வைத்து, கையில் கிடைத்த இரும்பை அதன் நடுவில் வைத்து "டங்... டங்...". அடி உள் வளையத்தில் விழுகிறது. உள் வளையத்திலிருந்து வெளி வளையத்துக்கு அந்த அதிர்ச்சி போக ஒரே வழி உருண்டைகள்தான். ஒவ்வொரு அடிக்கும் உருண்டைகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. பெட்டியிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் புது பேரிங் பழசாகிவிட்டது. பில்லில் மட்டும் புதுசு.

சரியான முறை இதைவிடக் கஷ்டமானதா? இல்லவே இல்லை. மெதுவானது, அவ்வளவுதான்.

பேரிங்கை முந்தின ராத்திரி பிரிட்ஜின் ஃப்ரீசரில் வையுங்கள் (அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு!). கவரைப் பிரிக்காமல் வைத்தால் ஈரம் படாது. ஹப்பிலிருந்து ரப்பர், சீல் எல்லாம் எடுத்துவிட்டு, ஹாட் ஏர் கன் வைத்துச் சூடாக்குங்கள். வெல்டிங் நெருப்பெல்லாம் வேண்டாம். கணக்குப் போட்டே பார்க்கலாம், நாம் இன்ஜினியரிங் பசங்கதானே. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். இரும்பு ஏறக்குறைய 12. 40 மி.மீ. துளை உள்ள ஹப்பை 50 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.046 மி.மீ. பெரிதாகும். ஃப்ரீசரில் 45 டிகிரி குளிர்ந்த பேரிங் 0.02 மி.மீ. சுருங்கும். இரண்டும் சேர்ந்து 0.066 மி.மீ. ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. ஆனால் பேரிங் இறுக்கமாக உட்காருவதற்கு விட்டிருக்கும் வித்தியாசமும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சரியாகச் செய்தால் அரை மனதோடு தட்டினாலே உள்ளே போய்விடும்.

தட்டவேண்டி வந்தால் வெளி வளையத்தில் மட்டும். அதே அளவுள்ள சாக்கெட் போதும், இல்லையென்றால் கழற்றிய பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டலாம். முதல் பேரிங் அடியில் முட்டும் வரை போக வேண்டும். பிறகு ஸ்பேசர். பிறகு இரண்டாவது பேரிங், ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அடித்தால் இரண்டு பேரிங்கின் உள் வளையமும் எதிரெதிராக நெருக்கப்படும். ஸ்பேசரை மறந்துவிட்டால் (பட்டறை மூலையில் அது உருண்டு கிடக்கும்!) ஆக்சில் நட்டை இறுக்கும்போதே பேரிங் நசுங்கும். கடைசியில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். வெண்ணெய் போல வழுக்க வேண்டும். மணல் அரைப்பது போல இருந்தால் கழற்றுங்கள்.

ஒன்று போயிருந்தால் மூன்றையும் மாற்றுங்கள், ஆயில் சீலையும் சேர்த்து. மூன்றும் ஒரே தண்ணீரில் நனைந்தவை, ஒரே பாரத்தைச் சுமந்தவை. 2RS கேட்டு வாங்குங்கள். விலையில் வித்தியாசம் சொற்பம். பெயர் பெற்ற கம்பெனி பேரிங்குகளுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு, அதனால் பில் தரும் கடையில் வாங்குங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அது பாதி பேரிங்தான்.

"வேலை செய்யுறாங்க, விடுப்பா"

இந்தப் பதிலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "இருபது வருஷமா இப்படித்தான் பாய் மாட்டுறாரு, வண்டி ஓடலையா?" ஓடுகிறது. போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், அதான் விலை மலிவாச்சே என்பது அடுத்த வாதம்.

இங்கேதான் நான் முதலில் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விஷயம் வருகிறது. பேரிங் எப்போதும் கிடைக்கும். ஹப் கிடைக்காது. ஹப் அலுமினியம், மென்மையான உலோகம். கோணலாக அடித்து அடித்து ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் பெரிதாகிறது. ஒருநாள் பேரிங் கையாலேயே உள்ளே போகும். அப்போது பட்டறையில் ஹப்பின் உள்சுவரில் உளியால் புள்ளிப் புள்ளியாகக் குத்தி மேடாக்குவார்கள், இல்லை கூல் டிரிங்க்ஸ் தகரத்தை வெட்டிச் சொருகுவார்கள். புள்ளிகள் கொஞ்ச நாளில் மழுங்கும், தகரம் நசுங்கும், பேரிங் ஹப்புக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும். அதற்கப்புறம் நல்ல லேத் பட்டறையில் புஷ் போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஹப். யமஹா ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. டி.வி.எஸ்.சும் சுசூகியும் 2001-ல் பிரிந்துவிட்டன. அந்தக் கால வண்டிகளுக்கு நல்ல ஒரிஜினல் ஹப் தேடுவது, மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம் :-)

ஆக, சுத்தியல் கொல்வது பேரிங்கை மட்டும் அல்ல, வண்டியையே. மெதுவாக.

சரி, மெக்கானிக் கெட்டவரா? இல்லை. ஒரு சக்கரத்துக்கு இவ்வளவுதான் கூலி என்று நாம் பேசி முடித்துவிட்டு, பக்கத்திலேயே நின்று "அண்ணா சீக்கிரம், காலேஜுக்கு டைம் ஆச்சு" என்று நச்சரிக்கிறோம். ஹப்பைச் சூடாக்கி, துடைத்து, பொறுமையாக உட்கார வைக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணிக்கு யார் காசு தருகிறார்கள்? அவருக்கும் வீடு இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது. நாம் கொடுக்கும் கூலிக்குச் சுத்தியல்தான் கட்டுப்படியாகும்.

தோல் ஷாப்புகளில் ஆள் உயரத்தைத் தாண்டிய மர டிரம்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் பேரிங்தான் தாங்குகிறது. அது பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் தோலுக்கு நஷ்டம், அதனால் கிரீஸ் அடிக்க, ஆட்டம் பார்க்க ஆள் வைக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த டிரம்முக்கு கிரீஸ் அடித்துவிட்டு ராத்திரி நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறவரின் வண்டிக்கு யார் ஆட்டம் பார்ப்பது? தோலுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயமா?

பிரிட்டனில் பைக்குக்கு மூன்று வயது ஆகிவிட்டால் வருடம் ஒருமுறை எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை. அதில் சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நாம் அடிக்கடி எடுக்கும் சான்றிதழ் புகைச் சான்றிதழ். அது புகையை மட்டும்தான் அளக்கும். 15 வருடம் ஆனபின் ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் அடுத்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். நடுவில் பேரிங் பல பிறவி எடுத்துவிடும்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை என் யோசனைகள் ரொம்பச் சின்னவை. மாதம் ஒருமுறை, டயரில் காற்றுப் பிடிக்கும் அன்று, டபுள் ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் ஆட்டிப் பாருங்கள். (முன் சக்கரத்தில் ஃபோர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கோன்செட் ஆட்டத்தையும் பேரிங் ஆட்டம் என்று நினைத்துவிடுவீர்கள்.) வீட்டில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர் இருந்தால் அவர் வண்டியையும் சேர்த்து. ஷூ கம்பெனிகளில் வண்டி நிறுத்தும் இடத்தில் மாதம் ஒருநாள் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்தால் கம்பெனிக்கு ஆகும் செலவு ஒன்றும் பெரிதில்லை.

பேரிங் மாற்றப் போகும்போது மெக்கானிக்கிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணா, வண்டியை சாயங்காலம் எடுத்துக்கறேன். ஹப்பைச் சூடு பண்ணி, பொறுமையா மாட்டுங்க. கூலி நூறு ரூபா சேர்த்தே தர்றேன்." நாலு பேர் இப்படிக் கேட்டால், ஐந்தாவது ஆள் கேட்காமலேயே அவர் அப்படி மாட்ட ஆரம்பித்துவிடுவார். அவர்களுக்குத் தெரியாத வேலை இல்லை இது. நாம் கேட்காத வேலை.

அம்புட்டுதான். இதைப் படித்துவிட்டு ஒரே ஒருத்தர் எழுந்துபோய் அப்பா வண்டியின் பின் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால்கூடப் போதும்.

வரட்டுமா?